டெக் ஓடுது, படம் தெரியுது, சத்தம் மட்டும் காணோம்

பரணிலிருந்து இறக்கிய வீடியோ கேசட் டெக்கில் (விசிஆர்) படம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதி சத்தம். அது சுத்தமாக வராமல் போகலாம். கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல அமுங்கி வரலாம். படம் பளிச்சென்று இருக்கும்போதே ‘டர்ர்’ என்று ஓர் உறுமல் கூடவே ஓடலாம். கடையில் கொடுத்தால் ‘ஹெட் போயிருச்சு சார்’ என்ற பதில் சட்டென்று வந்துவிடும். பல நேரம் டேப்பைப் படிக்கும் அந்த ஹெட் போயிருக்காது. வயர் இடம் மாறியிருக்கும், ரிமோட்டில் ஒரு பட்டன் வேறு நிலையில் நிற்கும், அல்லது ஹெட்டின் முகத்தில் அழுக்கு அப்பியிருக்கும்.

புது டெக் இனி வராது. கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. கையில் இருப்பதை அவசரப்பட்டுக் கழற்றிப் பாழாக்கிவிட்டால் மாற்று தேடுவது கஷ்டம். அதனால் வெளியிலிருந்து உள்ளே போவோம்.

மூடியைக் கழற்றும் முன்

முதலில் ஒன்று. கல்யாணக் கேசட்டைப் போட்டு டெக்கைச் சோதிக்காதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாத டெக் டேப்பைக் கடித்து மென்றுவிடும். யாருக்கும் வேண்டாத சினிமா கேசட் ஒன்றைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். அதில் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடி, ரீவைண்ட் ஆகி, வெளியே வந்த பிறகுதான் அருமையான கேசட்டுக்கு முறை.

வயர்களைச் செருகும்போது எல்லாப் பெட்டிகளையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுங்கள். இரண்டு முள் பிளக் வைத்த செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர் போன்றவற்றின் உலோகப் பகுதியில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டென்சர் வழியாக மெயின்ஸில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் மிகக் குறைந்த கரண்டில் கசிகிறது. நமக்கு அது கூச்சம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைச் செருகினால், வெளி வளையத்துக்கு முன்பே நடு ஊசி போய்த் தொடும். அந்த ஒரு கணத்தில் டிவியின் ஏவி இன்புட், அதாவது படத்தையும் சத்தத்தையும் உள்ளே வாங்கும் பகுதி, போய்விட வாய்ப்புண்டு.

இப்போது ஒரு சின்னச் சோதனை. டெக்கை அணைத்து, அதிலிருக்கும் வெள்ளை ஆர்சிஏ பின்னை, அதாவது வளையத்துக்கு நடுவே ஒற்றை ஊசி கொண்ட பின்னை, உருவுங்கள். டிவி பக்கம் செருகியபடியே இருக்கட்டும். டிவி வால்யூமைக் குறைத்து வைத்து, பின்னின் நடு ஊசியை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வந்தால் வயரும் டிவியின் ஆடியோ வழியும் உயிரோடு இருக்கின்றன. வராவிட்டால் டெக்கைக் குறைசொல்ல இன்னும் நேரம் வரவில்லை. விரல் வைக்கத் தயக்கமாக இருந்தால் செல்போனில் பாட்டைப் போட்டு, 3.5 மில்லிமீட்டர் பின்னிலிருந்து ஆர்சிஏவுக்கு மாறும் வயரால் அதே டிவி இன்புட்டில் கொடுத்துப் பார்க்கலாம்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

டெக்கின் முதுகில் இன், அவுட் என்று இரண்டு கூட்டம் சாக்கெட்டுகள் அருகருகே இருக்கும். இருட்டில் கைவிட்டுச் செருகும்போது படம் அவுட்டிலும் சத்தம் இன்னிலும் போய் உட்காருவது சகஜம். முன்பக்கம் சின்னக் கதவுக்குள் இருக்கும் சாக்கெட்டுகள் பெரும்பாலும் இன் மட்டுமே. அங்கே செருகினால் எதுவும் வராது.

மோனோ டெக்கில் ஆடியோ அவுட் ஒன்றுதான் இருக்கும். அதை டிவியின் வெள்ளை சாக்கெட்டில் கொடுங்கள். பல டிவிகளில் வெள்ளைக்குப் பக்கத்திலேயே மோனோ என்று போட்டிருப்பார்கள். சிவப்பில் எதுவும் செருகாவிட்டால் அதே சத்தம் இரண்டு ஸ்பீக்கருக்கும் போகும். அந்த வசதி இல்லாத டிவியில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டால் சரியாகிவிடும்.

இப்போதைய எல்இடி டிவிகளில் வேறு தொல்லை. மூன்று சாக்கெட்டுக்கும் இடமில்லை என்று ஒரே 3.5 மில்லிமீட்டர் துளையில் படத்தையும் சத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். அதற்கு நாலு பிரிவுள்ள பின் கொண்ட வயர் வேண்டும். பழைய கேம்கார்டரோடு வந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரும் பார்க்க அதேபோல இருக்கும். உள்ளே ஒழுங்கு வேறு. ஒரு கம்பெனி இரண்டாவது வளையத்தில் கிரவுண்டை வைத்திருக்கும், இன்னொன்று கடைசிப் பகுதியில் வைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை மஞ்சள் பின்னின் வெளி வளையத்தில் பிடித்து, மறுமுனையால் சின்னப் பின்னின் நாலு பகுதியையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எங்கே பீப் அடிக்கிறதோ அதுதான் கிரவுண்ட். டிவியோடு வந்த வயரிலும் அதே இடத்தில் அடித்தால் தப்பித்தீர்கள். நிறம்தான் மாறியிருக்கும், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகினால் படமும் சத்தமும் சரியாகிவிடும். கிரவுண்டே வேறு இடத்தில் இருந்தால் எப்படி மாற்றிப் போட்டாலும் உறுமலும் கோடும்தான். வேறு வயர் வாங்குங்கள்.

சில டிவிகளில், படத்தை மூன்று வயரில் பிரித்து வாங்கும் காம்பொனென்ட் இன்புட்டின் பச்சை சாக்கெட்டும் ஏவியின் மஞ்சள் சாக்கெட்டும் ஒன்றே. படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் டெக்கில் கோளாறு தேட வேண்டாம். டிவி மெனுவில் காம்பொனென்டை விட்டு ஏவியைத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்-வீடியோ வயர் போட்டால் படம் கூர்மையாக இருக்கும், சத்தம் இருக்காது. அந்த நாலு ஊசியில் சத்தத்துக்கு இடமே கிடையாது. வெள்ளை, சிவப்பு இரண்டையும் தனியாகப் போட்டாக வேண்டும்.

லண்டன், பாரிஸ் பக்கம் இருப்பவர்களின் டெக்கில் 21 பின் ஸ்கார்ட் சாக்கெட் இருக்கும். அதிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் கட்டையில் இன்-அவுட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். வெளியே வரும் சத்தம் 1, 3 ஆகிய பின்களில். உள்ளே போவது 2, 6 ஆகியவற்றில். படம் 19-இல் வெளியே, 20-இல் உள்ளே. சுவிட்ச் இல்லாத மலிவுக் கட்டை ஒரு திசைக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

ஆன்டெனா வயர் வழியாக வரும் சத்தம்

ஏவி சாக்கெட் இல்லாத பழைய டிவிக்கு, டெக்கின் ஆர்எஃப் அவுட்டை ஆன்டெனா துளையில் கொடுப்பார்கள். டெக் தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாகி, பெரும்பாலும் யுஎச்எஃப் 36-ஆம் சேனலை ஒட்டி, அதாவது 591.25 மெகாஹெர்ட்ஸில் படத்தை அனுப்பும். சத்தம் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு அலையில் போகும். எவ்வளவு தள்ளி என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் 5.5 மெகாஹெர்ட்ஸ். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 6.0. அமெரிக்காவில் 4.5.

லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டெக்கில் படம் பிரமாதமாக இருந்து ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல் மட்டும் வருவதற்குக் காரணம் இந்த அரை மெகாஹெர்ட்ஸ்தான். நம் டிவி 5.5-இல் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, டெக் 6.0-இல் பேசுகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த டெக்குக்கு இந்தச் சிக்கல் வராது. தீர்வு மூன்று. ஏவி சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சிக்கலே தீர்ந்தது. இல்லாவிட்டால் டிவியின் மேனுவல் ட்யூனிங்கில் சவுண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் பிஜி (5.5) என்பதை ஐ (6.0) என்று மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் டெக்கின் பின்புறத்திலோ அடியிலோ பிஜி, ஐ, டிகே என்று குட்டி சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல நாட்டு முறைகளையும் படிக்கும் சில மல்டி சிஸ்டம் டெக்குகளில் உண்டு.

திரையில் வெள்ளை எழுத்து வரும்போது மட்டும் ‘பர்ர்’ என்று உறுமினால் அது ட்யூனிங் பிசகு. டைட்டில் ஓடும்போது உறுமி, ஆள் முகம் வந்ததும் அடங்கும். வெளிச்சமான படத்தின் சிக்னல் சத்தத்தின் பாதைக்குள் நுழைவதால் வருவது இது. ஃபைன் ட்யூனிங்கை ஒவ்வொரு படியாக நகர்த்தி, டைட்டில் காட்சியை வைத்தே சரிசெய்யுங்கள்.

ஒரே டேப்பில் இரண்டு சத்தம்

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் விஎச்எஸ், அதாவது வழக்கமான வீட்டு வீடியோ கேசட்டின், சத்தக் கோளாறில் பெரும்பங்கு தானாக விடுபடும்.

விஎச்எஸ் டேப்பின் அகலம் 12.65 மில்லிமீட்டர், பழைய கணக்கில் அரை இஞ்ச். அதன் மேல் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு நேர்க்கோடாக ஓடுவது சாதா சத்தம். ஸ்டீரியோவாக இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரையே பங்கு போட்டு, ஆளுக்கு 0.35 மில்லிமீட்டர். கீழ் ஓரத்தில் கன்ட்ரோல் ட்ராக். டேப் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று டெக்குக்குச் சொல்லும் துடிப்புகள் அதில் இருக்கின்றன. நடுவே சாய்கோடுகளாகப் படம்.

1980-களின் நடுவில் ஹை-ஃபை டெக்குகள் வந்தன. அவற்றில் சத்தத்துக்கு இன்னொரு வீடு கிடைத்தது. படத்தின் ஹெட்டுகள் பொருத்திய, சுழலும் உருளையான ட்ரம்மிலேயே தனி ஆடியோ ஹெட்டுகள் வைத்து, டேப்பின் ஆழத்தில் முதலில் சத்தத்தை எழுதி, அதன்மேல் படத்தை எழுதினார்கள். தரத்தில் அது சிடிக்குப் பக்கத்தில் நிற்கும். சாதா சத்தமோ, டேப் வினாடிக்கு வெறும் 23.39 மில்லிமீட்டர் நகரும் வேகத்தில் பதிவானது. பழைய ஆடியோ கேசட்டே வினாடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடும். பதிவு செய்தவர் ஒரே டேப்பில் அதிக நேரம் அடக்கும் எல்பி முறையில் எடுத்திருந்தால் வேகம் இன்னும் பாதி. சத்தம் அமுங்கியிருப்பதில் ஆச்சரியம் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பயன் என்ன? ஹை-ஃபை டெக்கின் ரிமோட்டில் ஆடியோ செலக்ட் அல்லது ஆடியோ மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்த அழுத்த இடது, வலது, ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ் என்று சுற்றி வரும். சத்தம் இல்லை என்றதும் முதலில் தொட வேண்டிய பட்டன் இது. ஹை-ஃபையில் கரகரத்தால் நார்மலுக்குப் போங்கள். நார்மலில் ஒன்றுமே இல்லையென்றால் ஹை-ஃபைக்கு வாருங்கள்.

இதில் இன்னொரு புதையலும் உண்டு. பதிவான கேசட்டில் பிறகு பாட்டுச் சேர்க்க ஆடியோ டப் என்ற வசதி இருந்தது. அது சாதா ட்ராக்கை மட்டும்தான் அழித்து எழுதும். ஹை-ஃபை சத்தம் படத்துக்கு அடியில் புதைந்திருப்பதால், படத்தை அழிக்காமல் அதைத் தொடவே முடியாது. ஆக, ஹை-ஃபை கேமராவில் எடுத்து அதே கேசட்டில் ஆடியோ டப் போட்ட கல்யாண வீடியோவில், நார்மலில் வைத்தால் முழுக்க சினிமாப் பாட்டு கேட்கும். ஹை-ஃபையில் வைத்தால் அன்றைக்கு மண்டபத்தில் ஒலித்த நாதஸ்வரமும், ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்ற குரலும், பந்தியில் யாரோ சாம்பார் கேட்பதும் அப்படியே இருக்கும். எடிட் செய்து வேறு கேசட்டுக்கு மாற்றிய பிரதியில் இது கிடைக்காது. மூலக் கேசட் வீட்டில் இருந்தால் டிஜிட்டலாக்கக் கொடுக்கும் முன் இரண்டு நிலையிலும் கேட்டுவிடுங்கள். மாற்றித் தருபவர்கள் டெக் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே பதிவு செய்துவிடுவார்கள்.

டேப்பின் ஓரம் மடங்கினால் என்ன ஆகும் என்பதும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. மேல் ஓரம் கசங்கியிருந்தால் படம் நன்றாக இருந்து சாதா சத்தம் விட்டுவிட்டு வரும். கீழ் ஓரம் கசங்கியிருந்தால் சத்தம் வந்தாலும் கவுன்ட்டர் நின்று நின்று ஓடும், படத்தில் புழுதி பறக்கும். எந்த ஓரம் அடிபட்டது என்று கேசட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

உறுமலில் மூன்று வகை

இந்தியாவில் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். விஎச்எஸ் ட்ரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று, அதாவது வினாடிக்கு 25. எதிரெதிரே இரண்டு ஹெட் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வினாடிக்கு 50 தடவை சிக்னல் மாறும். அந்த மாற்றம் பிசகினால் ஹை-ஃபை சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் உறுமல். மெயின்ஸ் கசிந்தாலும் 50 ஹெர்ட்ஸ் உறுமல். இரண்டையும் குழப்பிக்கொண்டு பவர் சப்ளையை நோண்டியவர்கள் ஏராளம்.

பிரித்தறிவது சுலபம். ஸ்டாப்பை அழுத்துங்கள். உறுமல் நின்றால் அது ஹெட் மாற்றத்திலிருந்து வருவது. பிளே போட்டு, ஹெட்டை டேப்பின் சாய்கோடுகளோடு பொருத்தும் ட்ராக்கிங்கை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள். படத்துக்குத் தோதான இடமும் சத்தத்துக்குத் தோதான இடமும் இம்மி வேறாக இருக்கலாம். ஆட்டோ ட்ராக்கிங் படத்தின் பக்கம்தான் சாயும். ஹை-ஃபை விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும் இடம் கிடைத்தால் அங்கேயே விடுங்கள். எங்கே நகர்த்தினாலும் அடங்கவில்லை என்றால் நார்மல் ட்ராக்குக்குப் போவதே புத்திசாலித்தனம். ட்ராக்கிங் என்ன ஆனாலும் சாதா சத்தம் பாதிக்காது.

ஸ்டாப்பிலும் உறுமல் தொடர்ந்தால் கேபிள் டிவி வயரையோ டிஷ் வயரையோ டிவியிலிருந்து உருவிப் பாருங்கள். உடனே நின்றால் கிரவுண்ட் லூப். கேபிள் வயர் வழியாக டிவிக்கு ஒரு எர்த், சத்தத்துக்கென்று இணைத்த ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு எர்த் என்று இரண்டு வழியில் சுற்று உண்டாகி ஆடியோ வயரின் மேல்வலை வழியாகக் கரண்ட் போகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஆடியோ வயருக்கு நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். டிவியின் எர்த் முள்ளைப் பிடுங்கி எறிவது மட்டும் கூடவே கூடாது.

மூன்றாவது வகை கொஞ்சம் கூர்மையான 100 ஹெர்ட்ஸ் உறுமல். எந்த வயரை உருவினாலும் போகாது, படத்திலும் இரண்டு மங்கலான பட்டைகள் மெதுவாக ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய டெக்காக இருந்தால் பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் வற்றிவிட்டது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகமாகப் பார்த்து மாற்றலாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வைத்த டெக் என்றால், பிளக்கை உருவிய பிறகும் முதன்மைக் கண்டென்சரில் 320 வோல்ட் வரை டிசி தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அமுங்கிய சத்தம்: ஹெட்டைத் துடைப்பது

சோதனைக் கேசட்டிலும் சாதா சத்தம் அமுங்கி வந்தால் மூடியைக் கழற்றலாம். நடுவே பளபளக்கும் ட்ரம். 62 மில்லிமீட்டர் விட்டம். டேப் அதைச் சுற்றி வந்து வலப்புறம் இறங்கும் வழியில், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலருக்குச் சற்று முன்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோகக் கட்டை நிற்கும். அதன் மேல்பாதியில் ஆடியோ ஹெட், கீழே கன்ட்ரோல் ஹெட். முகத்தில் பழுப்பாக ஒரு படலம் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்ஸைடு தூள் அது. தலைமுடி அளவுக்கும் குறைவான இடைவெளி விழுந்தாலே மேல் ஸ்தாயி சத்தம் ஹெட்டுக்கு எட்டாது.

99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐபிஏ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பெட்ரோல், தின்னர், சென்ட் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஆடியோ ஹெட்டின் முகத்தை டேப் ஓடும் திசையில் துடையுங்கள். குச்சி பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை புதுக் குச்சி எடுங்கள். டேப் தொடும் கம்பங்களையும் அப்படியே. காய ஐந்து நிமிஷம் கொடுங்கள்.

ட்ரம்முக்கு அந்தக் குச்சி ஆகாது. பஞ்சு நூல் மாட்டினால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும். வெள்ளை ஜெராக்ஸ் பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து ஆல்கஹாலில் நனைத்து, ட்ரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் ட்ரம்மின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற வேண்டியது ட்ரம், பேப்பர் அல்ல. மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்த டெக்கின் கதை முடிந்தது.

துடைத்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கேசட் மட்டும் அமுங்கி வந்தால், அதைப் பதிவு செய்த டெக்கின் ஹெட் சாய்ந்திருந்தது என்று அர்த்தம். ஆடியோ ஹெட் கட்டையைச் சுற்றி மூன்று நாலு திருகுகள் இருக்கும். உயரத்துக்கு ஒன்று, முன்பின் சாய்வுக்கு ஒன்று, அசிமத்துக்கு ஒன்று. கட்டையைப் பக்கவாட்டில் இடம்-வலமாகச் சாய்ப்பது அசிமத் திருகு. அதை மட்டும் தொடலாம். தொடும் முன் மார்க்கரால் திருகின் தலையிலும் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவர் எடுத்து, கேசட் ஓடும்போதே, எட்டில் ஒரு பங்கு சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிக் கேளுங்கள். ‘ச’, ‘ஷ’ ஒலிகள் துல்லியமாகும் இடம் ஒன்று வரும். அங்கே வைத்து அந்தக் கேசட்டைப் பதிவு செய்துகொண்டு, கோட்டுக்கே திரும்பிவிடுங்கள். உயரத் திருகைத் தொட்டவர்கள் சத்தத்தோடு ட்ராக்கிங்கையும் இழப்பார்கள். கன்ட்ரோல் ஹெட்டும் அதே கட்டையில்தானே இருக்கிறது.

குரல் அலைபாய்ந்தால், அதாவது நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் நடுங்கினால், பின்ச் ரோலரைப் பாருங்கள். ரப்பர் கண்ணாடிபோல மினுங்கினால் அது இறுகிவிட்டது, டேப் வழுக்குகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். ஓரிரு நாளில் பழையபடி வழுக்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எல்லாருடைய குரலும் கனத்து, மெதுவாக, படமும் உருண்டுகொண்டிருந்தால் கோளாறே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி முறை கேசட்டை, நம் ஊர் முறையான பால் (PAL) மட்டும் படிக்கும் டெக்கில் போட்டிருக்கிறீர்கள். அந்த டேப் வினாடிக்கு 33.35 மில்லிமீட்டர் ஓட வேண்டியது. மல்டி சிஸ்டம் டெக்தான் ஒரே வழி.

கேசட் ஜன்னலில் வெள்ளைப் பொடி தெரிந்தால்

நம் ஊர் ஈரத்துக்கு இது இல்லாத கேசட் குறைவு. டேப் சுருளின் தட்டையான பக்கத்தில் திருநீறு தூவியதுபோல வட்டவட்டமாகத் தெரிவது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் உலரவிட்டு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் பொடியை எடுக்க வேண்டும். பூஞ்சை அதிகமென்றால் அதற்கென்றே டெக் வைத்திருப்பவரிடம் கொடுப்பது நல்லது.

கேம்கார்டர்

8 மில்லிமீட்டர் கேசட்டில் விஎச்எஸ் போல ஓர ட்ராக் சத்தம் இல்லை. படத்தோடு சேர்ந்து சுழலும் ஹெட்டே சத்தத்தையும் படிக்கிறது. அதனால் ஹெட் அழுக்கானால் இரண்டும் சேர்ந்தே கெடும். படம் சுத்தமாக இருந்து சத்தம் மட்டும் தேய்ந்து போயிருந்தால், 1990-களின் தொடக்கத்தில் வந்த மாடல்களில், சந்தேகப்பட வேண்டியது போர்டில் ஒட்டியிருக்கும் குட்டி எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை. அவற்றின் திரவம் கசிந்து செம்புக் கோடுகளை அரித்துவிடும். திறந்ததும் மீன் வாடை அடித்தால் உறுதி. அதை வீட்டில் செய்ய வேண்டாம். ஒட்டுமொத்தமாக மாற்றத் தெரிந்தவர் கை வைக்க வேண்டிய வேலை.

மினி டிவி (MiniDV) கேமராவில் சத்தமே இல்லையென்றால் முதலில் மெனு. 12 பிட் முறையில் பதிவானால் ஸ்டீரியோ-1, ஸ்டீரியோ-2 என இரண்டு ஜோடி இருக்கும். மைக்கில் வந்தது முதல் ஜோடியில். இரண்டாவது பின்னால் சேர்ப்பதற்கான காலி இடம். ஆடியோ மிக்ஸ் என்ற அளவுகோல் இரண்டாவதின் பக்கம் ஒதுங்கி நின்றால் முழு மௌனம். முதல் ஜோடிப் பக்கம் தள்ளுங்கள். ஒரே கேசட்டில் பாதி 12 பிட், பாதி 16 பிட் இருந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டாம் பாதியில் குரல் கீச்சிடவோ விலகவோ செய்யும். முந்தையது 32, பிந்தையது 48 கிலோஹெர்ட்ஸ். மாறும் இடத்தில் நிறுத்தி, தனித்தனி ஃபைலாக ஏற்றுங்கள்.

எச்டிஎம்ஐ டப்பாவும் கம்ப்யூட்டரும்

ஏவி சாக்கெட்டே இல்லாத டிவிக்கு ஒரு கன்வர்ட்டர் டப்பா வாங்குவார்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு ஒன்று, எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு ஒன்று. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. மாற்றி வாங்கிவிட்டு டெக்கைத் திட்டக் கூடாது. டப்பாவில் மஞ்சள்-வெள்ளை-சிவப்புப் பக்கம் இன்புட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 5 வோல்ட் சப்ளையும் கொடுத்தாக வேண்டும். டிவியின் யுஎஸ்பியில் போட்டுப் படம் வந்து வந்து போனால் செல்போன் சார்ஜருக்கு மாற்றுங்கள்.

டெக்கின் படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் யுஎஸ்பி கேப்ச்சர் குச்சி போட்டுப் பதிவு செய்யும்போது சத்தம் வராமல் போக மூன்று காரணம். படமும் சத்தமும் கம்ப்யூட்டருக்கு இரண்டு தனிக் கருவிகளாகத் தெரியும். பதிவு மென்பொருளான ஓபிஎஸ்ஸில் (OBS) வீடியோ கேப்ச்சரைச் சேர்த்ததோடு ஆடியோ இன்புட் கேப்ச்சரையும் தனியாகச் சேர்த்து, அதில் கேப்ச்சர் குச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது, விண்டோஸ் 10, 11-இல் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருந்தால் கேப்ச்சர் சத்தமும் சேர்ந்து ஊமையாகிவிடும். விண்டோஸ் இதையும் மைக் என்றே எண்ணுகிறது. மூன்றாவது, குச்சியில் ஆடியோ பின் செருகாமல் லேப்டாப்பின் மைக் துளையில் நேரே கொடுப்பது. மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். டெக் தருவது அதைவிடப் பல மடங்கு. வருவதும் மோனோதான், கிழிந்த சத்தம்தான்.

போகப் போக உதடும் குரலும் விலகினால் ஃப்ரேம் விழுகிறது. பால் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி வினாடி. 25 ஃப்ரேம் விழுந்தால் ஒரு முழு வினாடி. பழைய டேப்பின் சிக்னல் தள்ளாடும்போது கேப்ச்சர் குச்சி திணறி ஃப்ரேமை விட்டுவிடும், சத்தம் மட்டும் தன்பாட்டில் ஓடும். வீட்டில் பழைய டிவிடி ரெக்கார்டர் இருந்தால் டெக்குக்கும் குச்சிக்கும் நடுவே அதை வைத்து, டிஸ்க் போடாமல் சிக்னலை மட்டும் கடத்துங்கள். பல மாடல்கள் தள்ளாட்டத்தை நிமிர்த்தி அனுப்பும். அது இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்து எடுங்கள், விலகல் சேராது. லேப்டாப்பில் உறுமல் கேட்டால் சார்ஜரை உருவிப் பேட்டரியில் ஓட்டுங்கள்.

டிவிடி பிளேயரில் பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை என்ற புகார் தனி ரகம். ஆறு ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பிரிக்கும் 5.1 அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பிளேயரின் பின்னால் ஆறு ஆடியோ அவுட்டில் முன் இடது, முன் வலது இரண்டை மட்டும் டிவிக்குக் கொடுத்து, செட்டப்பில் 5.1 என்றே விட்டிருந்தால் வசனம் யாருமில்லாத சாக்கெட்டில் பேசிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் செட்டப்பில் டவுன்மிக்ஸ், ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். டிடிஎஸ் என்ற ஒலி முறையில் பதிந்த ட்ராக்கில் மட்டும் முழு மௌனம் என்றால், அந்த பிளேயருக்கு டிடிஎஸ் பிரிக்கத் தெரியாது. ரிமோட்டில் ஆடியோ பட்டனை ஒரு தடவை அழுத்தி, இன்னொரு ஒலி முறையான டால்பிக்கு மாறினால் சத்தம் வந்துவிடும்.